குணசேகரன் சொன்ன ‘குறையும்’

1

இந்தக் கதை ஒரு போன் அலாரத்தில் பிறந்தது. அமெரிக்கா தன் வேலைவாய்ப்புக் கணக்கைப் பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை வெளியிடும். நமக்கு அப்போது அநேகமாக மாலை ஆறு. முதல் வெள்ளிக்கு மட்டும் போனில் எப்படி வைப்பது என்று குணசேகரனுக்குத் தெரியவில்லை. எல்லா வெள்ளிக்கும் வைத்துவிட்டார். அன்று முதல் வெள்ளி, ஐந்தே முக்காலுக்கு அடித்தது. அணைத்தார், சட்டையை மாட்டினார், மனைவி கார்குழலியிடம் “தோ, வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு

(பாதியில் நிற்கட்டும். இங்கே ‘நான்’ என்று எழுதிப் பார்த்தேன், கை ஓடவில்லை. கார்குழலி என்றால் ஓடுகிறது.)

2

திருவொற்றியூரில் தௌசீஃபின் டீக்கடை. கண்டெய்னர் யார்டு ஆட்கள் கூடி, அமெரிக்காவில் வேலை எதிர்பார்த்ததைவிடக் கூடுமா குறையுமா என்று பந்தயம் கட்டுவார்கள். அங்கே சம்பளக்காரன் இருந்தால்தான் இங்கே பெட்டி கப்பலேறும். தோற்றவன் எல்லோருக்கும் டீ எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அன்று எல்லோரும் ‘கூடும்’. குணசேகரன் மட்டும் ‘குறையும்’. வேலை விட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது பார்த்தாராம்: எண்ணூர் சாலையில் டிரெய்லர் வரிசை வழக்கத்தில் பாதிதான் இருந்ததாம். யாரும் நம்பவில்லை.

கூடிவிட்டது. அடுத்த நொடி போனில் தங்கத்தின் விலை சரிந்தது.

“நல்ல சேதிதானே, இன்னாத்துக்கு வுழுது?” என்றான் கூட வேலை பார்க்கும் பீம்ராவ்.

“வேலை நல்லா கீதுன்னா அமெரிக்காக்காரன் வட்டிய கொறைக்க மாட்டான் மாமு. கொறைப்பான்னு நம்பி தங்கம் வாங்குனவன்லாம் இப்ப வித்துனு ஓடறான்” என்றான் தௌசீஃப்.

(நினைத்ததற்கும் வந்ததற்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் சந்தையை அசைக்கிறது. இதைச் சொல்லித் தந்தவர் குணசேகரன், வெங்காயம் உரித்துக்கொண்டே.)

டீத்தட்டை எடுக்க எழுந்த குணசேகரனை அடுத்த மாதம் கொடுக்கலாம் என்று உட்கார வைத்தார்கள். வீட்டுக்கு வந்து கார்குழலியிடம் உண்மையைச் சொன்னார்: பஸ்ஸில் பாதி வழி தூங்கிவிட்டார். கண் விழித்த இடத்திலிருந்துதான் வரிசையைப் பார்த்தார். “கடையில சொல்லிடாத, மானம் பூடும்.” இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் காலை டோல்கேட் அருகே ஒரு டிரெய்லர்

(இதையும் முடிக்கப் போவதில்லை. அவர் இறந்துவிட்டார், அது போதும்.)

3

இனிமேல்தான் கதை ஓடுகிறது! அமெரிக்கா அந்த எண்ணை அப்படியே விட்டுவைப்பதில்லை. அடுத்தடுத்த மாதங்களில் திருத்துகிறது, நான் இந்தப் பக்கங்களைத் திருத்துவதுபோல. இரண்டாம் திருத்தத்தில், அன்று பந்தயம் கட்டிய எண் எதிர்பார்ப்புக்கும் கீழே போய்விட்டது. தங்கம் துள்ளியது. கடையே எழுந்து, டீத்தட்டோடு கார்குழலியின் மாடிப்படி ஏறியது.

“அண்ணி, அண்ணன் ஜெயிச்சிட்டாரு. தோத்தது நாங்கதான், எடுத்துக்கோ” என்று தௌசீஃப் தட்டை நீட்டினான். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

பீம்ராவுக்கு ஆறவில்லை. “அந்த லைன வெச்சே எப்டி அண்ணி கரீட்டா சொன்னாரு?”

4

முடிவு ஒன்று: தூங்கிய கதையைச் சொல்லிவிடுகிறாள். கடை சிரிக்கிறது, அவரும் நடுவில் உட்கார்ந்திருப்பதுபோல.

முடிவு இரண்டு: “அவரு கண்ணு அப்டி” என்கிறாள். அவர் கேட்டுக்கொண்ட மானம் நிற்கிறது.

இரண்டையும் எழுதி, இரண்டையும் அடித்தேன். அவள் கையில் டீ சூடாக இருக்கிறது, பீம்ராவ் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்கள்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடிக்கிறது. எல்லா வெள்ளிக்கும்.