தொப்பை போட்ட கோடு

மூன்றாவது தடவையும் முள் நூற்று அறுபத்திரண்டில்தான் வந்து நின்றது. இரண்டு வோல்ட்டுக்கு நூறு மில்லி ஆம்பியர் வர வேண்டும் என்பது அந்தக் கல்லூரியின் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். வகுப்பே அப்படித்தான் எழுதியிருந்தது: ஒன்றுக்கு ஐம்பது, இரண்டுக்கு நூறு, மூன்றுக்கு நூற்றைம்பது, ஆறுக்கு முன்னூறு. சீனியர்கள் தந்த நோட்டிலும் அதே எண்கள். அவர்களுக்கு அவர்களுடைய சீனியர்கள் தந்ததிலும் அதே. பரம்பரைச் சொத்து மாதிரி பிசகாமல் கைமாறி வந்தவை. பட்டாசுக்கு மட்டும் யாரும் நோட்டு தரவில்லை. சேர்ந்த முதல் வாரமே, வரிசையில் நடுவில் புகுந்த ஒரு சீனியரை நாலு பேர் பார்க்க வாங்கு வாங்கென்று வாங்கியவளுக்கு யார் தருவார்கள்? பட்டாசு என்ற பெயரும் அன்றைக்கு வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

ஆகவே அந்த லேபில் யாரும் செய்யாத ஒரு காரியத்தை அவள் செய்ய வேண்டியதாயிற்று. சோதனையைச் செய்தாள்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. திருகு வைத்து மூடிய ஒரு கறுப்புப் பெட்டி. லேபுக்கே அது ஒன்றுதான். உள்ளே மின்தடைக் கம்பிச்சுருள். குமிழைத் திருகி வோல்ட்டை ஏற்ற வேண்டும், கரண்ட் எவ்வளவு ஏறுகிறது என்று குறிக்க வேண்டும், கட்டம் போட்ட தாளில் புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகளைச் சேர்த்தால் நேர்கோடு. அவளுடைய புள்ளிகள் பூஜ்யத்தில் ஒழுங்காகத்தான் கிளம்பின. ஆறு வோல்ட்டில் ஒழுங்காக முன்னூறில் போய்ச் சேர்ந்தன. நடுவழியில்தான் மேலே புடைத்துக்கொண்டு, கல்யாணமாகி ஆறு மாதமான மாப்பிள்ளை மாதிரி தொப்பை போட்டிருந்தது கோடு.

"ஸ்கேலை வச்சு ஒரே இழுப்பா இழுடி. பஸ் போயிடும்" என்றாள் பக்கத்து ஸ்டூலில் இருந்த தூங்குமூஞ்சி. அவளுடைய ரெக்கார்டு சைன் வாங்கி ஒரு வாரமாகிறது.

"முள்ளு ஒண்ணு சொல்லுது, நான் வேற ஒண்ணு எழுதணுமா?"

"முள்ளா வந்து உனக்கு சைன் போடப்போகுது?"

அதுதான் விஷயம். இன்று மாலைக்குள் மேடத்தின் சைன் இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வு கிடையாது. ஒரு வருஷம் போச்சு. வீட்டில் காலேஜ் படியை மிதித்த முதல் ஆள் அவள். அப்பா தரைக்கு டைல்ஸ் பதிப்பவர். பதித்த கல் ஒன்று துளி தூக்கிக்கொண்டிருந்தாலும் காலால் அழுத்திவிட்டுப் போகிற ஆளில்லை. பெயர்த்துப் போட்டுவிட்டு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். அவருடைய பெண்ணைப் போய் ஸ்கேலை வைத்து இழு என்றால்?

தாளை எடுத்துக்கொண்டு போய் மேடத்தின் மேஜையில் வைத்தாள். பக்கத்தில் வகுப்பின் முப்பத்தெட்டு ரெக்கார்டுகள் கோபுரமாக நின்றன.

மேடம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இது என்னம்மா, பூசணிக்காயா?"

சிரிப்பு கடைசி பெஞ்சுவரை ஓடியது.

"வந்ததைப் போட்டிருக்கேன் மேடம்."

"ஊருக்கெல்லாம் நேரா வருது, உனக்கு மட்டும் வளையுதா? போய் நேராக்கிட்டு வா, போட்டுத் தரேன்."

"வராததை எப்படி மேடம் எழுதறது? நீங்களே வந்து பாருங்க."

மேடம் எழுந்து வந்தார். நேராகக் குமிழை ஆறுக்குத் திருகினார். ரெக்கார்டுகளிலும் அவர் எப்போதும் கடைசி எண்ணைத்தான் பார்ப்பார். முள் முன்னூறு. "ஆச்சா?"

"மூணுல வைங்க மேடம்."

வைத்தார். இருநூற்று நான்கு. பெட்டியை ஒரு தட்டு தட்டினார். இருநூற்று நான்கு. இரண்டில் வைத்தார். நூற்று அறுபத்திரண்டு. மேடத்தின் புருவம் ஏறிய வேகத்தில் ஓமின் விதியே பயந்திருக்கும்.

"பெட்டியைத் திறக்கலாம் மேடம்" என்றாள் பட்டாசு.

அந்த நேரம் பார்த்து லேப் உதவியாளரான அண்ணன் அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடித்த அலமாரி அது.

"அண்ணே, ஸ்குரூடிரைவர்" என்றார் மேடம்.

கொண்டுவந்தார். தானே திறக்காமல் நீட்டினார். பட்டாசு திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினாள். சுருளைக் காணோம். ஒரு டார்ச் லைட் பல்ப், இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒய்யாரமாக எரிந்துகொண்டிருந்தது.

"சுருள் எரிஞ்சுபோச்சு மேடம்" என்றார் அண்ணன் அலமாரியைப் பார்த்தபடி. "புதுசு கேட்டு எழுதினோம், வரல. ஆறு வோல்ட்டுக்கு முன்னூறு காட்டினாப் போதுமேன்னு இதைப் போட்டுவிட்டேன். அது ஆச்சு நாலு வருஷம். பசங்க எல்லாம் ரீடிங் சூப்பரா வருதுண்ணேன்னு சொன்னாங்க. நானும் சரின்னு விட்டுட்டேன்."

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. நாலு வருஷம், நாலு வகுப்பு, ஒரு டார்ச் பல்ப்பிலிருந்து ஆணி அடித்த மாதிரி நேர்கோடுகள்! தூங்குமூஞ்சி ஸ்டூலிலிருந்து சரிந்தாள். மேடம் கோபப்படத்தான் வாயைத் திறந்தார், வந்தது சிரிப்பு. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அத்தனைக்கும் நான் சைன் போட்டிருக்கேன், தெரியுமா?" பிறகு பேனா மூடியைத் திறந்துகொண்டே பட்டாசைப் பார்த்தார். "சரி, ஏன் வளையுது? சொல்லு, போடறேன்."

அவள் விரலால் கண்ணாடிக் குமிழைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெடுக்கென்று எடுத்தாள். "சூடாகுது மேடம். சூடு ஏற ஏற கம்பி கரண்ட்டை விடமாட்டேங்குது. ஒரு வோல்ட்டுல ஜாலியா விடுது, ஆறுல அடம் பிடிக்குது."

"சூடானா அடம் பிடிக்கும். உன்னைப் பாத்தாலே தெரியுதே."

இந்தத் தடவை பட்டாசும் சேர்ந்து சிரித்தாள். மேடம் தன் மேஜைக்குப் போய் ரெக்கார்டுக் கோபுரத்தை அப்படியே வகுப்பின் பக்கம் தள்ளினார். "எல்லாரும் வாங்க. முதல்லேர்ந்து."

"அடிப்பாவி!" என்றாள் தூங்குமூஞ்சி. "என் பஸ்ஸு!"

ஆனால் முதல் ஆளாக வந்து நின்றதும் அவள்தான். அண்ணன் ஜன்னல்களைச் சாத்தினார், விளக்கை அணைத்தார். பட்டாசு குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மயிரிழை நகர்த்தினாள். முள் அசைந்தது, பல்ப் இருட்டாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம். கண்ணாடிக்குள் ஒரு நூல் இருப்பது இப்போதுதான் தெரிந்தது, மங்கிய சிவப்பாக. யாரோ "ஷ்ஷ்" என்றார்கள். மேடம் எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் குனிந்தார். மூடி திறந்த பேனா கையிலேயே இருந்தது. சைன் அவருக்கும் நினைவில்லை, அவளுக்கும் நினைவில்லை. சுற்றிலும் முகங்கள் ஒவ்வொன்றாகச் சிவந்து, மஞ்சளாகி, வெளுத்துக்கொண்டே வந்தன.