நல்ல தண்ணீரில் குளித்த கார்

நுரைச்சோலையில் அவர்கள் வீட்டுக் கிணறு உவர். அதனால் வெள்ளிக்கிழமை தோறும் ஹுனைஸ் இரண்டு கேன் நல்ல தண்ணீர் வாங்கி, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவான். அத்தனையும் அவனுடைய சிவப்பு செலிக்கா காரின் அடிப்பக்கத்தைக் கடல் உப்புப் போகக் கழுவத்தான். உவர்த் தண்ணீரில் தலை முழுகி முழுகி, அவன் மனைவி றைஸாவின் கூந்தல் தேங்காய்த் தும்பாகிவிட்டது.

"கலியாணத்துக்கு முந்தியே வந்தவ அவ. மூத்தவளுக்கு நல்ல தண்ணி, எனக்கு உவரா?" என்று காரைக் காட்டி ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்த மூத்தவளை விற்க வேண்டியிருந்தது. முந்தல் ஊரில் வீதியோரமாக ஒரு கராஜ் குத்தகைக்கு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் முற்பணம் கட்டாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். பதினொரு வருடம் பிறருடைய கராஜில் மெக்கானிக்காக உழைத்தவனுக்கு, காரை விற்பதைவிட்டால் வேறு வழி தெரியவில்லை.

றைஸாவின் மூத்த சகோதரர், மஸாஹிர் நானா, வாகன வியாபாரி. ஐம்பது லட்சத்துக்குக் கேட்டார்.

"கடற்கரைக் கார், மச்சான். அதோட நீ எஞ்சின் மாத்தி, ஸ்ப்ரிங் மாத்தி கை வெச்ச கார். இதுக்கு மேல எவனும் தரமாட்டான்."

ஹுனைஸ் தலையாட்டப் போனான். றைஸா விடவில்லை. தானே படம் எடுத்து, எழுபத்தைந்து என்று இணையத்தில் விளம்பரம் போட்டாள்.

சனிக்கிழமை காலை குருநாகலிலிருந்து சுஹைர் என்பவர் வந்தார். கூடவே செய்னுலாப்தீன் பாஸ் என்ற பழுத்த மெக்கானிக். வேடிக்கை பார்க்க மஸாஹிரும் தன் வேனில் வந்து இறங்கி, கதிரையில் சாய்ந்துகொண்டார்.

கற்பிட்டி வீதியில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த சுஹைரின் முகம் மலர்ந்திருந்தது. ஆனால் காற்றில் கடல் மணத்ததும் மனம் மாறிவிட்டது.

"எஞ்சின் தங்கம். ஆனா உள்ளுக்குத் துரு திண்டிரிக்கும். அம்பத்தஞ்சு தாறன்."

"நான் சொன்னன்தானே," என்றார் மஸாஹிர். ஹுனைஸ் நிலத்தைப் பார்த்தான்.

கதவடியில் நின்ற றைஸா முற்றத்துக்கு இறங்கினாள்.

"பாஸ், கதவுக்குக் கீழ தண்ணி வடியிற ஓட்டை இரிக்கி. அதுக்குள்ள விரல விட்டு, நாக்குல வெச்சுப் பாருங்க. வெளிய கழுவி ஏமாத்தலாம். உள்ளுக்கு இரிக்கிற உப்ப ஒரு நாள்ல கழுவ ஏலாது."

"விசரா இவளுக்கு?" என்றார் மஸாஹிர்.

"நாம உப்பளத்தில வளர்ந்த புள்ளைகள், நானா. உப்பு எங்க ஒளியும் எண்டு உங்களுக்குத் தெரியாதா? பாஸ், முதல்ல நானாட வேன்ல பாருங்க."

பாஸுக்குச் சிரிப்பு வந்தது. வேனின் ஓட்டையில் விரலை விட்டு நாக்கில் வைத்தவர், "தூ!" என்று துப்பினார். "கருவாடு போடலாம்!"

பிறகு செலிக்காவின் பக்கம் குந்தினார். இடதுபக்க ஓட்டை, வலதுபக்க ஓட்டை. விரலை நாக்கில் வைத்துச் சப்புக்கொட்டினார்.

"மண் ருசிதான்," என்றார் பாஸ். "உப்பு ஒரு சொட்டு இல்ல. மாஷா அல்லாஹ்!"

சுஹைர் தாடியைத் தடவினார். "எழுபது?"

"எழுபத்தஞ்சு," என்றாள் றைஸா. "ஆறு வருசமா இத நல்ல தண்ணி வாங்கிக் கழுவின காச நான் வெலையில சேர்க்கவே இல்ல."

சுஹைர் வாய்விட்டுச் சிரித்துக் கையை நீட்டினார். மஸாஹிர் தன் வேனைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார்.

புறப்படும்போது பாஸ் ஹுனைஸின் தோளில் தட்டினார். "எந்தக் கராஜ்ல வேலை, தம்பி? சேர்விசுக்கு உன்கிட்டயே கொண்டாறோம்."

"முந்தல்ல," என்றான் ஹுனைஸ். பிறகு குரலை உயர்த்தினான். "என்ட கராஜ்ல."

அன்று பின்னேரமே முற்பணம் கட்டியாயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை பழக்க தோஷத்தில் ஹுனைஸ் இரண்டு கேனோடு வந்து இறங்கினான். வெறும் முற்றத்தைக் கண்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

குளியலறை வாசலில் றைஸா துவாயும் கையுமாக நின்றிருந்தாள்.

"இஞ்சால கொண்டாங்க. ரெண்டு கேனும் எனக்குத்தான்!"