தொண்டையில் ஒரு டிக்

"ஏண்டி, முனையில சிவப்பா வெளிச்சம் வருதே, ஷாக் அடிக்குமா?" ஆப்டிகல் கேபிளை ஓரடி தள்ளி நின்று பார்த்தாள் மூத்த மருமகள்.

"அடிக்காதுக்கா. மைக் ரெக்கார்டர்ல இருக்கு. அதுலேருந்து இந்த வெளிச்சத்துலதான் உங்க பாட்டு கம்ப்யூட்டருக்குப் போகும்," என்றாள் இளையவள்.

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இருவர். மூத்தவள் கீழே, இளையவள் மாடியில். மூத்தவள் பாடினால் தெருமுனைத் தையல்காரருக்கே கேட்கும், மைக் எதற்கு? ஆனாலும் இணையத்தில் போடவேண்டுமாம். இளையவளுக்கு ஒலிப்பதிவுதான் பிழைப்பு. பாடப்புத்தகங்களை யார் யாரோ வாசிப்பார்கள், இவள் பதிவுசெய்து கொடுப்பாள். தான் மட்டும் மைக் முன் வாய் திறக்கமாட்டாள்.

காரணம் இருக்கிறது. பதினொரு வருஷத்துக்கு முன், கல்யாணமான புதிதில், உறவுக்கூட்டத்தின் நடுவே இவளைப் பாடச் சொன்னார்கள். இரண்டாம் வரி முடியவில்லை. "யாராவது இவளுக்குத் தண்ணி குடுங்கப்பா, தொண்டையில மணல் மாட்டிக்கிச்சு!" என்றாள் மூத்தவள். எல்லோரும் சிரித்தார்கள். கட்டியவனும் சிரித்ததுதான் ஆறவில்லை. அன்றிலிருந்து குளியலறையில்கூட ஒரு முணுமுணுப்பு இல்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தார்கள், பாவம்.

ரெக்கார்டரும் கம்ப்யூட்டரும் தனித்தனியே நேரம் எண்ணுபவை. ஒன்று மற்றதன் பேச்சைக் கேட்கும்படி கம்ப்யூட்டரில் சொல்லிவைக்க வேண்டும். இந்த வீட்டு மருமகள்களைப் போல ஆளாளுக்குத் தன் போக்கில் எண்ணினால், சில விநாடிக்கு ஒருமுறை பதிவில் 'டிக்' என்று ஒன்று விழும். இளையவள் அந்த அமைப்பைத் தட்டி மாற்றிவிட்டு, ஒன்றும் அறியாதவளைப் போல உட்கார்ந்தாள்.

மூத்தவள் கண்ணை மூடிப் பாடினாள். பதிவைப் போட்டதும் கண் அகலத் திறந்தது.

"என்னடி இது, டிக்கு டிக்குன்னு? உன் வயர்லதான் கோளாறு."

"இது டிஜிட்டல் வயர் அக்கா. உள்ளதை உள்ளபடி கொண்டுவரும். இல்லாததைச் சேர்க்கத் தெரியாது."

"அப்போ... என் தொண்டையிலயா?"

இளையவள் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். மூத்தவள் மறுபேச்சில்லாமல் குடித்தாள். அந்தத் தண்ணீர் எந்தத் தண்ணீர் என்று அவளுக்கு நினைவுகூட இல்லை என்பதில்தான் இளையவளுக்கு எரிச்சல்.

நான்கு நாள் கீழே பாட்டில்லை. தையல்காரர் வந்து, "அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் இளையவள் அமைப்பைச் சரிசெய்து, மைக் முன் உட்கார்ந்து, அன்று பாதியில் நின்ற இரண்டாம் வரியை எடுத்தாள். முழுப் பாட்டையும் முடித்துவிட்டுப் போட்டுக் கேட்டாள். ஒரு டிக் இல்லை. ஆனால் வரிகளுக்கு நடுவே, திறந்த ஜன்னல் வழியாக வேறொன்று வந்து விழுந்திருந்தது. கீழே மூத்தவள் தொண்டையைச் செருமுகிறாள். சற்று விட்டு, மறுபடியும்.

வெட்டி எடுக்க இரண்டு நிமிஷ வேலை. இளையவள் பதிவில் தன் பாட்டை வேகமாக ஓட்டிக்கொண்டே போய், செருமல் வரும் இடத்தில் நிறுத்தி, சத்தத்தைக் கூட்டினாள்.