பின் கதவுக்கு ஒரு பெட்டி

வேனின் பின்பக்கம் சாமான் ஏற்ற மாட்டுகிற கேரியர் வாங்க வருகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, மாட்டிய பிறகு பின் கதவு திறக்குமா என்றுதான். கண்டக்டர் மட்டும், திறக்காமல் இருக்க எது நல்லது என்று கேட்டார். கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

கண்டக்டர் என்றால், மனிதர் ஒரு நாளும் டிக்கெட் கிழித்தவரில்லை. லிஃப்ட் பழுது பார்ப்பதுதான் அவர் தொழிலாக இருந்தது. மனைவி பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். லீவு நாளில் சொந்தக் காரை அவள் ஓட்டும்போது இவர் பக்கத்தில் உட்கார்ந்து இப்படித் திருப்பு, அப்படி ஒடி என்று உயிரை எடுப்பார். அதற்காக அவள் வைத்த பெயர் அது. சொந்தபந்தமும் அதையே பிடித்துக்கொண்டது. அவளுக்குப் பள்ளிப் பிள்ளைகள் வைத்த பெயர் டிரைவரம்மா.

டிரைவரம்மாவுக்கு இப்போது நினைவு தப்பிக்கொண்டு வந்தது. வீட்டில் இருப்புக் கொள்ளாமல், பொழுது விடிவதற்குள் தெருவில் இறங்கி பஸ்ஸைத் தேடினாள். ஒரு தடவை யார் வீட்டுக் காரிலோ ஏறி உட்கார்ந்துவிட்டாள். மகன் ஒரு காப்பகத்தில் இடம் பார்த்துவைத்தான். இன்னொரு தடவை ஏதாவது ஆனால் நான் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன் என்று அப்பாவிடம் முகத்துக்கு நேரே சொன்னான். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவன் பயம் அவனுக்கு.

கண்டக்டருக்கு அவளை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. படுக்கையும் அடுப்பும் வைத்த பழைய கேம்பர் வேன் ஒன்றை வாங்கி, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வண்டி ஓடினால் அவள் அடங்கினாள். என்ஜின் உறுமியதும் முகம் தெளிந்து, சாப்பிட்டாயா என்று இவரைக் கேட்கிற அளவுக்கு வந்தாள். ஒரு மாதம் போல நன்றாகத்தான் போயிற்று.

போன வாரம் நெடுஞ்சாலையில் பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. கண்ணாடியில் பார்த்தார். பின் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது, டிரைவரம்மா வாசலில் நிற்கிறாள், காலுக்குக் கீழே ரோடு ஓடுகிறது. வண்டியை நிறுத்தி ஓடிப் போய்ப் பிடித்தால், கதவு சரியாகத் திறக்கிறது, பயமில்லை என்கிறாள். வேலைக்குப் போன நாளெல்லாம் காலையில் பிள்ளைகள் ஏறுவதற்கு முன்னால் பஸ்ஸின் எமர்ஜென்சி கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அவள் வண்டியை எடுப்பாள். மண்டைக்குள் எல்லாம் அழிந்துபோன பிறகும் கை அந்த வேலையை விடவில்லை. வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்பதுதான் அதற்குத் தெரியவில்லை.

அன்றைக்கே வெளியில் ஒரு தாழ்ப்பாள் போட்டார். அவள் உள்ளேயிருந்து கதவை அடித்தாள். யார் பூட்டியது, உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கத்தி அழுதாள். கை வீங்கிவிட்டது. இவர் திறந்துவிட்டதும் அவள் பார்த்த பார்வையில் இவர் கூனிக் குறுகிப்போனார். தாழ்ப்பாளைக் கழற்றிக் குப்பையில் போட்டார்.

அதற்குப் பிறகுதான் கேரியர் யோசனை வந்தது. பூட்டு என்றால் பூட்டியவன் ஒருவன் இருக்கிறான். சாமான் மறித்துக்கொண்டு நின்றால் யாரை நொந்துகொள்வது? காலமெல்லாம் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்துவிட்ட மனிதர், தன்னைத்தானே இப்படிச் சமாதானம் செய்துகொண்டு அந்தக் கடைக்கு வந்திருந்தார்.

கடைக்காரர் வாய் ஓயாமல் விளக்கினார். வண்டியின் அடியில் பின்னால் இருக்கிற சதுரக் குழாயில்தான் எல்லாமே சொருகுவது. தாங்கும் எடையைப் பார்க்கும்போது கேரியரின் சொந்த எடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், நிறையப் பேர் கோட்டை விடுவது அங்கேதான். புகைக்குழாய்க்கு நேரே பெட்டி வரக் கூடாது. வாசல் கேட்டைப் போல ஒரு பக்கமாக விலகுகிற கேரியர் ஒன்றை இழுத்துக் காட்டி, பெட்டியோடு விலகிவிடும், கதவு தாராளமாகத் திறக்கும் என்றார். விலகாதது எது என்று மறுபடியும் கேட்டார் கண்டக்டர். எதற்கு என்று கேட்டதற்குத் திருட்டுப் பயம் என்று புளுகினார்.

"உள்ள ஆள் படுக்கிற வண்டி சார். அடுப்பு வேற வெச்சிருக்கீங்க. முன்னாடி ஏதாவது ஆச்சுன்னா பின்னாடி வழி வேணாமா?"

"நான் கூடவே இருப்பேன்ல. நீங்க மாட்டுங்க."

கடைக்காரர் அதற்கு மேல் மூக்கை நுழைக்கவில்லை. விலகாத தட்டைச் சொருகி, ஆடாமல் முடுக்கி, அதன்மேல் உயரமான பெட்டி ஒன்றை வைத்து இறுக்கினார். பெட்டியில் வைக்க இவர்களிடம் பெரிதாக என்ன இருக்கிறது? மடக்கு நாற்காலியையும் பழைய கம்பளிகளையும் போட்டு மூடினார் கண்டக்டர். உள்ளே போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தார். ஒரு சாண் திறந்து பெட்டியில் முட்டியது. கை போயிற்று, தோள் போகவில்லை. இவ்வளவு நேரமும் முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த டிரைவரம்மா, வண்டி எப்போது கிளம்பும் என்று மட்டும் கேட்டாள்.

ஊரைத் தாண்டியதும் அவள் எழுந்து பின்னால் போனாள். கண்டக்டர் ரோட்டைப் பாதியும் கண்ணாடியைப் பாதியுமாகப் பார்த்து ஓட்டினார். கதவு முட்டும் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. அவள் அடிக்கவில்லை, அழவில்லை. நினைத்தபடியே நடந்துவிட்டது என்று அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்படுவது கேவலமாகவும் இருந்தது.

அவள் அலமாரியைப் பிடித்து, சீட்டைப் பிடித்து, ஓடும் பஸ்ஸில் நடந்து பழகிய நடையில் முன்னால் வந்து அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஓரமா நிறுத்து தம்பி."

இவரை யாரென்று தெரியவில்லை, ஆனால் பஸ் ஓட்டிய காலத்து அந்தக் குரலைக் கேட்டு வெகு நாளாயிற்று. நிறுத்திவிட்டார்.

"எமர்ஜென்சி கதவு திறக்கல. இப்படி வண்டிய எடுக்கக் கூடாது. பசங்க இருக்காங்க."

சாமான் மறிக்கிறது என்று சொல்லத்தான் அவர் அத்தனை பாடுபட்டது. அந்தப் பொய் வாயில் வரவில்லை. வேறொன்று வந்தது.

"பசங்க எல்லாரும் இறங்கிட்டாங்க."

"கடைசி சீட் வரைக்கும் பாத்தியா?"

"பாத்துட்டேன். யாரும் இல்ல."

டிரைவரம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பக்கத்துச் சீட்டில் மெல்ல உட்கார்ந்தாள். பிறகு திரும்பி, ஒரு சாண் திறந்து கிடந்த கதவை வெகு நேரம் பார்த்தாள்.

"அப்போ நான் மட்டும் ஏன் தம்பி உள்ள இருக்கேன்?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். கண்டக்டர் என்ஜினை அணைத்தார். இறங்கிப் போய்ப் பெட்டியைக் கழற்றி எறியலாம். எறிந்தால் நாளைக்கோ மறுநாளோ அவள் ரோட்டில் விழுவாள், இல்லாவிட்டால் காப்பகத்தில் இருப்பாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்னால் போய்க் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்து, வண்டியை எடுத்தார்.