சீட்டைக் கிழித்தவள்

கவுண்டர் திறக்கும் முன்பே வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. இதய ஆபரேஷனுக்குக் காத்திருப்போரைப் பதிவு செய்யும் கவுண்டர் அது. டாக்டரின் சீட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். பச்சை டிக் வந்ததும் சீட்டை மெஷினில் கொடுத்துத் துண்டாக்கிவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் காகிதமே கூடாதென்று மேலிடத்து உத்தரவு. பக்கத்துக் கவுண்டர் மது, மகா சோம்பேறி, எல்லாவற்றையும் டிராயரில் திணித்துவைப்பாள். இந்தக் கவுண்டரில் இருக்கும் சியாமளாவிடம் அந்தப் பேச்சே கிடையாது. கையோடு கையாகக் கிழித்துவிடுவாள்.

தங்கத்தின் முறை வந்தது. டில்லி மோதி பாக்கில் நாலு வீட்டில் சமைப்பவள், சொந்த ஊர் நாமக்கல் பக்கம்.

"கண்ணு, எங்கூட்டுக்காரருக்கு இந்த மாசம் ஆபரேசன்னு சொன்னியே. என்னைக்குன்னு பாரு."

சியாமளா தேடினாள். பெயர் இல்லை. போன வருஷம் அவளே அடித்த பெயர். அந்த வாரம் அவள் ஏற்றிய ஒருவர் பெயரும் இல்லை.

சூப்பரின்டென்டென்ட் சேஷன் வந்து பார்த்தார். மதுவின் அந்த வாரமும் காலிதான். ஆனால் அவள் டிராயரில் சீட்டுகள் அப்படியே கிடந்தன. மத்தியானத்துக்குள் அவற்றைப் பழைய தேதியிலேயே ஏற்றிவிட்டார்கள்.

"ரெண்டு பேரோடதும்தானே போயிருக்கு? சாஃப்ட்வேர்தான் சார் சேவ் பண்ணல" என்றாள் சியாமளா.

"கம்பெனிக்காரன் எரர் ஒண்ணுகூட வரலேங்கறான். எரரே வரலேன்னா நீ அடிக்கலேன்னுதானே அர்த்தம்? மது சீட்டைக் காட்டிட்டா. நீ என்னத்தக் காட்டுவே?"

"நீங்கதானே சார் கிழிக்கச் சொன்னீங்க!"

"உன்னை அனுப்பின ஏஜென்சிக்குச் சொல்லிட்டேன். நாளைலேருந்து வேற பொண்ணு வரும்."

"என் வேலை போகட்டும் சார். தங்கம் அக்கா வீட்டுக்காரரோட முறை?"

"புதுசாப் போட்டுக்கச் சொல்லு."

சியாமளா தங்கத்திடம் வந்து சொன்னாள். "கஸம் ஸே அக்கா, நான் அடிச்சேன். சத்தியமா அடிச்சேன்."

"புதுசாப் போட்டா எப்ப கண்ணு வரும்?"

"ஒரு வருஷம் ஆகும். மேலயும் ஆகலாம்."

தங்கம் புதுச் சீட்டு வாங்க டாக்டர் அறைப் பக்கம் நடந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது சியாமளாவுக்கு.

மறுநாள் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். டிசம்பர்ப் பனியில் வரிசை பஸ் ஸ்டாப் வரை நீண்டிருந்தது. கடைசியில் தங்கம், கையில் புதுச் சீட்டோடு நின்றாள். புருஷன் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வரிசை ஓரடி நகர்ந்தது. அவர் எழுந்து, வெறுங்காலோடு ஓரடி வைத்து, மறுபடி உட்கார்ந்தார். வீங்கிய கால்களில் ஏறாத செருப்பைத் தங்கம் இன்னொரு கையில் பிடித்திருந்தாள்.