கடைசி ரத்தத்தில் நிற்பவன்

ஹில்யா விட்ட அம்பு நாலு விரற்கடை பின்னால் தள்ளிப் பட்டுவிட்டது. விட்ட நொடியிலேயே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. மானின் முன்னங்கால் சந்துக்குப் பின்னால் ஒரே ஒரு மயிர்க்கற்றையின்மேல் கண்ணை நிறுத்தியிருந்தாள். நாண் விரலைவிட்டு நழுவும் நேரத்தில் பாழாய்ப்போன கண் பின்விலாவுக்குத் தாவிவிட்டது. குறி பார்க்க முள்ளோ கண்ணாடியோ எதுவும் இல்லாத மரவில் அது. கண் போகிற இடத்துக்குத்தான் அம்பும் போகும். இருபது வருஷமாக வில் பிடிக்கிறவளுக்கு இது தெரியாதா என்ன? தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்.

மான் துள்ளி ஓடவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு, வயிற்றுவலிக்காரன் மாதிரி மெல்ல நடந்து, தெற்கே தேவதாரு மரங்கள் நெருங்கி நிற்கும் சதுப்புக்குள் போயிற்று. ஹில்யா இருந்த இடத்திலேயே அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் போய் அம்பை எடுத்தாள். கருஞ்சிவப்பு ரத்தம். நுரை இல்லை, அதனால் நுரையீரல் இல்லை. பச்சைக் கசடோ நாற்றமோ இல்லை, அதனால் குடலும் இல்லை. ஈரல்தான். ஈரலில் பட்ட மானுக்கு நாலு மணி நேரம் கொடுக்க வேண்டும். பொறுக்காமல் பின்னாலேயே போனால், படுத்துச் சாகப்போகிற மான் எழுந்து இன்னொரு மைல் ஓடி, ஒருத்தருக்கும் உதவாத இடத்தில் போய் விழும்.

ரத்தம் தொடங்கிய கிளையில் டாய்லெட் காகிதத்தில் ஒரு துண்டு கிழித்துக் கட்டிவிட்டு, வண்டி நின்ற, மரம் ஏற்றும் லாரிப் பாதைக்குத் திரும்பினாள். அங்கே டொய்மி காப்பி குடித்துக்கொண்டிருந்தான். டொய்மி அவளுடைய கொழுந்தன், கணவன் உர்ஹோவின் தம்பி. வில்லைத் தொடுவதைவிட ஃபிளாஸ்க்கைத் தொடும் நேரம்தான் அவனுக்கு எப்போதும் அதிகம்.

"பட்டுச்சா அண்ணி?"

"பட்டுச்சு. கொஞ்சம் பின்னால."

"எவ்வளவு பின்னால?"

"உன் புத்தி அளவுக்கு."

அவன் சிரித்தான். இருவரும் பாஸ்டியைப் பிரித்தார்கள். மாவுக்குள் கறியும் உருளைக்கிழங்கும் இன்னும் சூடாக இருந்தன.

"எந்தப் பக்கம் போச்சு?"

"தெக்கால. சதுப்புக்குள்ள."

டொய்மி மெல்லுவதை நிறுத்தினான். "அந்தப் பக்கம் சரியில்ல அண்ணி. மூடுபனி வேற இறங்குது. விட்டுருவோமே."

"சாகப்போற ஜீவன விட்டுட்டு, வீட்டுக்குப் போய் சவுனா வெக்கையில கால நீட்டிப் படுக்கச் சொல்றியா? நாலு மணி நேரம் ஆகட்டும். ரெண்டு பேருமா போறோம்."

மூன்று இலையுதிர் காலத்துக்கு முன்னால் இதே சதுப்பில்தான் உர்ஹோ ஒரு மானின் ரத்தத்தைத் தொடர்ந்து போனான். திரும்பி வரவில்லை. எலும்புகூடக் கிடைக்கவில்லை. அன்றைக்கு அவனோடு போயிருந்தது டொய்மி. விடியவிடிய அங்கேயே நின்றேன், ஒரு சத்தமும் வரவில்லை என்று டொய்மி சொன்னான். அப்படியானால் சேறு அவனை ஒரேயடியாக விழுங்கியிருக்க வேண்டும், வலி தெரிந்திருக்காது என்று ஊரார் ஹில்யாவைத் தேற்றினார்கள். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ஆனால் மனம் ஒப்பவில்லை. ஒவ்வொரு அக்டோபரிலும் அவள் இங்கே வருவதற்கு மான் ஒரு சாக்குதான். தன் புருஷன் எப்படிப் போனான் என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

ரத்தம் தொடர்வதில் உர்ஹோவின் கெட்டுனென் குடும்பத்துக்கு ஒரு முறை உண்டு. ரத்தம் அறுந்துபோகும் இடத்தில், அதாவது கடைசி ரத்தத்தில், ஒருவர் நிற்க வேண்டும். மற்றவர் அரைவட்டமாகச் சுற்றி அடுத்த துளியைத் தேட வேண்டும். அந்தப் பக்கத்து மண்ணெல்லாம் இரும்பு, திசைகாட்டி முள் தலைசுற்றி நிற்கும். மரங்களும் எல்லாம் ஒரே அச்சு. நிற்கிற ஆள்தான் போகிற ஆளுக்குத் திசை. கூப்பாடு போட்டால் மான் எழுந்துவிடும் என்பதால் கத்திப்பிடியால் மரத்தைத் தட்டுவார்கள். போகிறவர் ரெண்டு தட்டினால் 'இருக்கியா' என்று கேள்வி. நிற்கிறவர் ஒன்று தட்டினால் 'இருக்கேன்' என்று பதில். நிற்கிறவர் எந்தக் காரணத்துக்காகவும் அந்த இடத்தைவிட்டு அசையக்கூடாது. சிலபேர் சோம்பேறித்தனமாகத் தொப்பியைக் கிளையில் மாட்டிவிட்டுப் போவதுண்டு. "தொப்பி பதில் தட்டுமாடா?" என்று உர்ஹோ அவர்களைக் கிழிகிழியென்று கிழிப்பான்.

பகல் பன்னிரண்டுக்குச் சதுப்புக்குள் இறங்கினார்கள். பத்தடிக்கு ஒரு துளி, சில இடத்தில் முப்பதடிக்கு ஒரு துளி. ஒவ்வொன்றுக்கும் ஹில்யா ஒரு காகிதம் கட்டினாள். பஞ்சடைத்த மாதிரிப் பனி. பின்னால் திரும்பினால் மூன்று காகிதம் தெரிந்தது, நாலாவது தெரியவில்லை. கடைசியில் ஒரு பெரணி இலையில் கடுகளவு ரத்தம். அதற்கு அப்புறம் ஒன்றுமில்லை.

"நீங்க நில்லுங்க அண்ணி, நான் சுத்திப் பாக்கறேன்" என்றான் டொய்மி அவசரமாக.

"கிழிச்ச. ரத்தம் பாக்கற கண்ணு எனக்குத்தான். நீ நில்லு. உங்க அண்ணனுக்கு நின்ன மாதிரி நில்லு."

டொய்மி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டான்.

ஹில்யா அடிகளை எண்ணிக்கொண்டே போனாள். அறுபதாவது அடியில் நின்று, கத்தியை உறையோடு பிடித்து, ஒரு மரத்தில் ரெண்டு தட்டினாள். பதில் வந்தது. ஆனால் ரெண்டாக வந்தது.

மடையன், ஒன்றுக்கும் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று திட்டிக்கொண்டாள். அடுத்த அறுபது அடி. திரும்பத் தட்டினாள். திரும்பவும் ரெண்டு. இந்த முறை சத்தம் பின்னாலிருந்து வந்ததா, முன்னாலிருந்தா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. மூடுபனி சத்தத்தைப் புரட்டும்தான். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கச் சட்டைப்பையில் வைத்திருந்த காட்டெருக்கம் பஞ்சில் ஓர் இழையைப் பறக்கவிட்டாள். ஓர் இலைகூட அசையவில்லை. ஆனால் பஞ்சு அவள் முகத்துக்கு நேர் எதிரே, யாரோ நூல் கட்டி இழுத்தாற்போல, நிதானமாகத் தெற்கே போயிற்று.

அப்போதுதான் கவனித்தாள். அணில் சத்தம் இல்லை. குருவிச் சத்தமும் இல்லை.

அவள் தட்டவில்லை. சும்மா நின்றாள். அவள் கேட்காமலேயே தெற்கிலிருந்து சத்தம் வந்தது. டக், டக். சற்றுப் பொறுத்து மறுபடியும் டக், டக். முதல் தட்டு லேசாக, இரண்டாவது கொஞ்சம் அழுத்தமாக. பதினேழு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்தக் கையைத் தெரியாமல் இருக்குமா. வீட்டுக் கதவைக்கூட உர்ஹோ அப்படித்தான் தட்டுவான்.

பயந்தாள். ஆனாலும் போனாள்.

முந்நூற்றுப் பத்தாவது அடியில் மான் செத்துக் கிடந்தது, கால் மடக்கித் தூங்குகிற மாதிரி. அதற்கு அந்தண்டை சாய்ந்த தேவதாரு ஒன்று. அதன் கிளைக்குச்சியில் ஒரு வில் தொங்கியது. நாண் மக்கி அறுந்திருந்தது. பிடியில் சுற்றியிருந்த சிவப்புத் தோல் ஹில்யா தன் கையால் தைத்தது. எந்த நிலையிலும் வில்லைத் தரையில் கிடத்தமாட்டான் உர்ஹோ.

அடியில் பாசி மூடிய பூட்ஸ் இரண்டு. ஒன்று இரண்டு வேர்களுக்கு நடுவே செருகிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்த கால் எலும்பு முறிந்திருந்தது. மற்றதை இங்கே சொல்லப்போவதில்லை. அவன் சாய்ந்து உட்கார்ந்திருந்த மரத்தில், கை எட்டும் உயரத்தில், பட்டை உரிந்து தழும்புகள். இரண்டிரண்டாகப் பள்ளங்கள். ஹில்யா நாற்பது ஜோடி எண்ணினாள். அதற்குமேல் எண்ண முடியவில்லை. அது ஒரு நாளில் தட்டிய தட்டு இல்லை. பாசிக்குள் கிடந்த அவன் கத்தியின் கொம்புப்பிடி தட்டித்தட்டிப் பிளந்துபோயிருந்தது.

ஒரேயடியாகச் சேறு விழுங்கவில்லை. வலி தெரியாமல் போகவில்லை. நாள்கணக்கில் உட்கார்ந்து, 'இருக்கியா, இருக்கியா' என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். பாசியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஹில்யா அழுதாள். மூன்று வருஷமாக வராத அழுகை அது.

எங்கிருந்து என்று சொல்ல முடியாமல், அவள் தலைக்கு மேலேயே கேட்டது. டக், டக்.

பதில் தட்ட அவள் கை எழுந்தது. பிறகு தாழ்ந்தது. அந்தக் கேள்வி அவளிடம் கேட்டது இல்லை.

பிளந்த கத்தியை எடுத்துக்கொண்டு, வந்த அடிச்சுவட்டைப் பிடித்து, மரத்துக்கு மரம் காகிதம் கட்டியபடி திரும்பினாள். கடைசி ரத்தத்தில் டொய்மி இல்லை. கிளையில் அவன் தொப்பி தொங்கியது.

வண்டியில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவளைக் கண்டதும் டொய்மி மடியில் காப்பியைக் கொட்டிக்கொண்டு இறங்கினான்.

"இப்பத்தான் வந்தேன் அண்ணி. ஒரு வாய் காப்பி..."

"பதில் தட்டினியா?"

"தட்டாம? ஒவ்வொரு தடவையும் தட்டினேனே."

"எத்தன?"

"ஒண்ணுதான். எனக்குத் தெரியாதா?"

ஹில்யா அவன் தொப்பியை வண்டி முகப்பில் வைத்தாள். அதன் பக்கத்தில் உர்ஹோவின் கத்தியை வைத்தாள். டொய்மி கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னைக்குக் குளிரு அண்ணி" என்றான்.

"சொல்லு."

"ஃபிளாஸ்க் எடுத்தாரலாம்னு வந்தேன். சத்தியமா அரைமணி நேரந்தான். அப்படியே கண் அசந்துட்டேன். அதுக்குள்ள மழை. காகிதமெல்லாம் கரைஞ்சுபோச்சு. திரும்பிப் போனா எல்லா மரமும் ஒரே மாதிரி நிக்குது. இடமே கெடைக்கல."

"ஷெரிஃப் ஆளுங்களுக்கு இடம் காட்டினியே."

"ஏதோ ஒரு இடம். கடைசி ரத்தத்த விட்டுட்டு வந்தேன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

"வடக்கக் காட்டின. பன்னெண்டு நாள் வடக்கயே தேடினாங்க. அவன் தெக்கால உக்காந்து தட்டிக்கிட்டு இருந்திருக்கான், டொய்மி."

அவன் வண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டான். அந்த நேரத்தில் சதுப்புக்குள்ளிருந்து வந்தது. டக், டக்.

"மரங்கொத்தி" என்றான் டொய்மி. அவன் உதடு வெளுத்துவிட்டது.

"மரங்கொத்தி ரெண்டோட நிறுத்தாது." கத்தியை எடுத்து அவன் கையில் திணித்தாள். "போ. உன்னத்தான் கேக்கறான். போய் நின்னு பதில் சொல்லு."

"நீங்களும் வாங்க அண்ணி."

"நான் இங்க நிக்கறேன்."

போகமாட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் போனான். தொப்பியை எடுக்கவில்லை. காகிதம் காகிதமாகத் தடவிக்கொண்டு போய் வெள்ளைக்குள் மறைந்தான். அவன் மறைந்த கொஞ்ச நேரத்தில் மூடுபனி தூறலாக மாறியது.

உள்ளிருந்து கேள்வி வந்தது, ரெண்டு தட்டு. ரொம்ப நேரத்துக்கு ஒன்றுமில்லை. பிறகு ஒன்று, ஈர மரத்தில் அமுங்கிய தட்டு. இருக்கேன்.

அதோடு தெற்குப் பக்கம் அடங்கிவிட்டது. எங்கோ ஓர் அணில் கத்தியது. மூன்று வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கின மாதிரி அவளுக்கு இருந்தது.

தூறல் வலுத்தது. பாதையிலிருந்து தெரிந்த முதல் காகிதம் நனைந்து, கஞ்சியாகி, கீழே விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. வண்டிச் சாவி வண்டியிலேயே இருந்தது. ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

சதுப்பிலிருந்து மறுபடி தட்டும் சத்தம். ரெண்டு. இது உர்ஹோவின் கை இல்லை. தாறுமாறாக, பதறிப்போய்த் தட்டிய தட்டு. ஒரு பதிலுக்குக்கூடப் பொறுக்காமல் உடனே இன்னும் ரெண்டு. டொய்மிக்கு வழி தவறிவிட்டது.

ஹில்யா சாவியைப் பார்த்தாள். பார்க்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். நாலு மூச்சு விடும் நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். உள்ளே மூன்றாவது முறையாகத் தட்டினான்.

அவள் வண்டியின் என்ஜினை நிறுத்தினாள், சத்தம் தெளிவாகக் கேட்கட்டும் என்று. தன் கத்தியை உருவி, பாதையோரத்துப் பிர்ச் மரத்தடியில் காலை ஊன்றிக்கொண்டு, ஒன்று தட்டினாள். அவன் தட்டிய ஒவ்வொரு முறையும் ஒன்று தட்டினாள். டொய்மி வெளியே வந்து சேரும்வரை அந்த இடத்தைவிட்டு அவள் அசையவில்லை.