பியட்டுக்கு அடியில் என் அண்ணன்

என் வீட்டுக்காரர் முத்துக்கிருஷ்ணனும் என் அண்ணன் காசிமாயனும் பேச்சை நிறுத்தி இரண்டு வருஷமாகிறது. சொத்துச் சண்டை என்றாலாவது வெளியே சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். இது போனில் அனுப்பிய ஒரு படத்தால் வந்த சண்டை. நாங்கள் புது வீடு குடிபோனபோது, ஏலக்காய்க் கடையில் சோலி தலைக்கு மேல் கிடக்கிறது என்று இவர் பத்திரிகையைப் படம் பிடித்து அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்காத வீட்டுக்கு எப்படிப் போவது என்று அவன் வரவில்லை. மச்சான் வராமல் என்ன பால்காய்ப்பு என்று இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அதோடு சரி.

நடுவில் மாட்டியது நான்தான். உங்கண்ணனிடம் சொல்லிவிடு என்று இவர் சொல்வார், உன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடு என்று அவன் சொல்வான். கடைத்தெருவில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றால்கூட நான்தான் தபால்காரி. அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் என் மகள் பிரியாவுக்கு மூன்று வயது முடியப் போகிறது, இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எப்படிக் குத்துவது? போய் அழைக்க இவருக்கு மனசு வரவில்லை. அழைக்காமல் மடி கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. கல்யாண வீடுகளில் ஆளாளுக்குப் பிள்ளையின் காதைத் தொட்டுப் பார்த்து, என்னத்தா இன்னும் குத்தலையா என்று கேட்பார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வரும்.

இந்த லட்சணத்தில் இவருக்குப் பழைய கார் ஆசை வந்தது. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் எபினேசர் என்பவர், எழுபத்தெட்டாம் வருஷத்துப் பியட் ஒன்றை விற்கப் போகிறாராம். பழைய வண்டியில் எஞ்சின் போனால் வேறு எஞ்சின் வைக்கலாம், உடம்பில் துரு ஏறிவிட்டால் கதை முடிந்தது. துருவை மோப்பம் பிடிக்க, சிலமலை ரோட்டில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் என் அண்ணனை விட்டால் ஆளில்லை. இவருக்கும் அது தெரியும். கேட்கத்தான் வாய் வராது. இஷ்டம் இருந்தால் உங்கண்ணனையும் வரச் சொல் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நான் அண்ணனிடம் சொன்னேன். அவன் அந்தப் பக்கத்துச் சுவரைப் பார்த்துச் சரி என்றான். நல்ல ஆம்பிளைகள் வாய்த்தார்கள் எனக்கு.

பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு அண்ணனுடைய ஜீப்பிலேயே கிளம்பினோம். முன்னால் இடம் இருந்தும் இவர் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். முந்தல் தாண்டிக் கொண்டைஊசி வளைவுகள் தொடங்கியதும், கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல் என்றார் என்னிடம். பயமாக இருந்தால் கண்ணை மூடிக்கொள்ளச் சொல் என்றான் அவன், அதுவும் என்னிடம். எதிரே தோட்டத்து ஆட்களை ஏற்றிய ஜீப்பு ஒன்று ஒட்டி உரசிப் போனது. இரண்டு பேரையும் பிடித்து அதில் ஏற்றிவிடலாமா என்று இருந்தது.

எபினேசர் வீட்டு வாசலில் மூடுபனிக்கு நடுவே வண்டி நின்றது. அடடா, பாலாடை நிறத்தில் பளபளவென்று என்ன அழகு! ஒன்னாந்தரம் வண்டி என்றார் எபினேசர். கேரள எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற மனிதர், பேச்சில் பாதி மலையாளம், எதைக் காட்டினாலும் அவருக்கு ஒன்னாந்தரம்தான். போன மாசம் வரைக்கும் போடியில் தம்பி வீட்டு வெயிலில்தான் நின்றதாம், ஒரு பொட்டுத் துரு இருக்காதாம். என் வீட்டுக்காரர் அதற்குள் உள்ளே ஏறி ஸ்டியரிங்கைத் தடவ ஆரம்பித்திருந்தார். பிரியா பிறந்தபோது அவளை அப்படித் தடவினார்.

அண்ணன் கண்ணாடிக்குக் கீழே இருந்த ரப்பரை நகத்தால் நெம்பினான். உள்ளே பச்சைப் பசேலென்று பாசி. போடி வெயிலில் பாசி பிடிக்குமா என்று கேள் என்றான் என்னிடம். எபினேசர் முழித்தார். அப்புறம் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கதவில் வைத்தான், ஒட்டியது. பின் சக்கரத்துக்கு மேலே வைத்தான், வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. தகரம் இருந்த இடத்தில் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பட்டி பூசாத பழைய வண்டி எங்கே இருக்கிறது என்று கேட்டுச் சொல் என்றார் இவர். எபினேசர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"சேச்சி, இவங்க ரெண்டு பேருக்கும் பாஷை வேறயா?"

எனக்கு மானம் போனது.

வாசலில் மழைத்தண்ணீர் போகிற ஓடை ஒன்று காய்ந்து கிடந்தது. சக்கரங்கள் இரண்டு பக்கமும் இருக்கும்படி வண்டியை அதன் மேல் நிறுத்தச் சொல்லிவிட்டு, அண்ணன் சாக்கை விரித்து ஓடைக்குள் மல்லாக்கப் படுத்தான். அடியிலிருந்து குரல் வந்தது. கீழே பூராவும் புதுத் தார் பூசியிருக்கிறது, எதையோ மறைக்கிறார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடு. தார் பூசுவது பாதுகாப்புக்குத்தான், உங்கண்ணனுக்கு நான் ஆசைப்பட்டது எதுவும் ஆகாது என்று சொல்லிவிடு என்றார் மேலே உட்கார்ந்திருந்தவர். இவருக்கு ஆசை மட்டும்தான் இருக்கிறது, கண் இல்லை என்று சொல் என்றது கீழே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனி ஒரு வார்த்தைகூட நான் சுமக்க மாட்டேன், வேண்டுமானால் நீங்களே கத்திக்கொள்ளுங்கள் என்று கத்தினேன்.

இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. வண்டித் தரை எவ்வளவு கெட்டி என்று இப்போது தெரியும் என்று சொல்லிக்கொண்டே, காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தார்.

அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். புதுக் கால்விரிப்பு, தகரம், தார் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு கால் முழங்கால்வரை கீழே இறங்கிவிட்டது. செருப்பு அண்ணன் காதோரம் போய் விழுந்தது. இவர் பதறிப்போய்க் காலை வெடுக்கென்று இழுக்கப் பார்த்தார்.

"மாப்ளே, இழுக்காதீக. தகரம் கெண்டைக்காலக் கிழிச்சுப்புடும்."

மாப்ளே. அந்த வார்த்தையைக் கேட்டு இரண்டு வருஷம். இவர் காலை இழுப்பதை விட்டார். பிறகு பழக்க தோஷத்தில் என் பக்கம் திரும்பி, ரஞ்சனி, உங்கண்ணன்கிட்ட என்று ஆரம்பித்தார். நான் எதிரே இருந்த ஏலச்செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தபாலாபீஸுக்கு அன்றைக்கு லீவு.

"சரி மச்சான்" என்றார், மெதுவாக.

அண்ணன் தோள் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு தகரத்தின் பல்லை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டான். காலைத் தொங்கவிடாமல் தன் நெஞ்சில் ஊன்றிக்கொள்ளச் சொன்னான். இவருக்கு மனசு கேட்கவில்லை. மிதித்த மாதிரி ஆகிவிடுமே என்றார்.

"ரெண்டு வருசமா பேசாம மிதிச்சீகளே, அத விடவா வலிக்கப் போகுது? வைங்க மாப்ளே."

இவர் வைத்தார். கால் ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தது. அண்ணன் கையில்தான் ரத்தம். ஓட்டை வழியாக இவர் கீழே பார்த்தார், அவன் மேலே பார்த்தான். எபினேசர் பாவம், டீ போடச் சொல்கிறேன் என்று உள்ளே நழுவிவிட்டார்.

வாங்கலாமா மச்சான் என்று இவர் ஓட்டைக்குள் கேட்டார். வேண்டாம் மாப்ளே என்றான் அவன். அவன் எழுந்திருக்காமல் படுத்தபடியே கேட்டான்.

"பாப்பாவுக்கு எப்ப காது குத்தப் போறீக?"

"ஒங்க மடி எப்ப ஒழியுதோ அப்பத்தான் மச்சான். நாளைக்கே தாம்பாளத்தோட வீட்டுக்கு வந்து கூப்பிடுறேன்."

"அதெல்லாம் எதுக்கு மாப்ளே. போன்ல படம் அனுப்புங்க, வந்துர்றேன்."

நான் வண்டிக்குப் பின்னால் போய், அந்தப் பட்டி பூசிய இடத்தில் சாய்ந்துகொண்டு நன்றாக அழுதேன். சந்தோஷத்தில்தான். இந்த இரண்டு மண்டைகளுக்கும் ஒரு தரை ஓட்டை தேவைப்பட்டிருக்கிறதே என்ற கோபமும் கொஞ்சம் இருந்தது.

எபினேசரின் டீ உண்மையிலேயே ஒன்னாந்தரம். குடித்துவிட்டு நான் வந்து பார்த்தபோது, ஜீப்பில் அண்ணனுக்குப் பக்கத்து இடத்தில் இவர் உட்கார்ந்திருந்தார். தேவாரம் ஊரில் இன்னொரு பியட் இருக்கிறதாம், அதன் அடித்தகரத்தைப் பற்றிப் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. நான் பின்னால் ஏறிக்கொண்டேன். காதுகுத்துக்கு எந்த மாசம் தோது என்று இரண்டு தடவை கேட்டும் பார்த்தேன். போடி வந்து சேரும்வரை என்னிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை.